பட்டாவும் அடங்கலும்

(உப்பூரில் உழவர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உழவர்க்கு அரசு வழங்கும் உதவிப் பணத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். நான் தமிழாசிரியன், கணக்கும் பொருளியலும் என் துறைகள் அல்ல. ஆயினும் இப்பொருளைத் தமிழாசிரியன் ஒருவன் எடுத்துப் பேசுவதில் பொருத்தம் உண்டு. பணம் யார்க்குப் போகிறது, யார்க்குப் போகவில்லை என்னும் வழக்கைத் தோண்டிக்கொண்டே போனால், அடியில் கிடப்பது ஒரு சொல்லின் பொருள் பற்றிய வழக்கே. 'உழவர்' என்றால் யார்? சொல்லுக்குப் பொருள் காண்பது எம் தொழில். ஆகலின் துணிந்து வந்தேன்.

முதலில் பெயரிலிருந்தே தொடங்குவோம். 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், உத்தரப்பிரதேசத்துக் கோரக்பூரில், தலைமையமைச்சர் ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஆண்டுக்கு 6,000 உருபா, மூன்று தவணை, தவணைக்கு 2,000 உருபா, உழவரின் வைப்பகக் கணக்கில் நேரே சேரும். தொடக்கத்தில் ஐந்து ஏக்கர் வரை உடையார்க்கு மட்டும் என்று வரம்பிட்டு, பின்னர் அவ்வாண்டிலேயே நிலமுடைய எல்லா உழவர் குடும்பங்கட்கும் என்று விரித்தனர். அதன் பெயர் 'பிரதான் மந்திரி கிசான் சம்மான் நிதி'. ஐந்து சொற்கள். ஐந்தில் ஒன்றேனும் நம் உழத்தியர் நாவில் வழங்கும் சொல்லா? 'கிசான் பணம் வந்துவிட்டதா?' என்று இன்று ஊர்தோறும் கேட்கிறார்கள். 'கிசான்' என்றால் என்ன என்று என் மாணவன் ஒருவனைக் கேட்டேன். 'அது ஒரு வைப்பகத்தின் பெயர், ஐயா' என்றான். அவன்மேல் என்ன பிழை? தன் தந்தையைக் குறிக்கும் சொல் அது என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

உரமூட்டையின் கதையும் இதுவே. 2022 அக்டோபரிலிருந்து மானிய உரமெல்லாம் 'பாரத்' என்னும் ஒரே பெயரில்தான் வரவேண்டும் என்று நடுவணரசு ஆணையிட்டது. எந்த ஆலையில் செய்யினும் 'பாரத் யூரியா'தான். ஒன்று சொல்லவேண்டும்: தமிழக அரசு 2018இல் உழவர்க்கென ஒரு கைப்பேசிச் செயலியை அமைத்தபோது அதற்கு 'உழவன்' என்று பெயரிட்டது, 2021இல் வேளாண்துறையின் பெயரை 'வேளாண்மை – உழவர் நலத்துறை' என மாற்றியது. செய்தவர் எக்கட்சியினராயினும் நல்லதை நல்லதென்போம்.

இனி 'மானியம்' என்னும் சொல். அது வடசொல்லா தென்சொல்லா என்னும் வழக்கை இன்று இங்கு எடுக்கமாட்டேன். எடுத்தால் விடியும்வரை நீங்கள் எழ முடியாது. பழைய ஆவணங்களில் அச்சொல் எதைக் குறித்தது என்பதை மட்டும் காண்போம். மன்னன் ஒருவனுக்கோ, கோயிலுக்கோ, மடத்துக்கோ வரி நீக்கி விட்டுக்கொடுத்த நிலம் மானியம். சேதுபதி மன்னர்கள் விட்ட மானியங்கள் இக்கடற்கரை நெடுகிலும் உள்ளன. அதற்கும் முற்பட்ட கல்வெட்டுகள் அத்தகைய நிலத்தை 'இறையிலி' என்னும். இறை என்றால் வரி, வரியில்லாதது இறையிலி. ஆக மானியம் என்பது கொடுப்பவன் உவந்து கொடுப்பது. வாங்குபவன் கைகட்டி வாங்குவது. உழவர்க்கு வரும் பணத்துக்கு அப்பெயரை இட்டதிலேயே அதைக் கொடை என்று கருதும் மனநிலை புகுந்துவிட்டது.

அது கொடையா? நெல்லுக்கு விலையை நீங்கள் குறிப்பதில்லை, அரசு குறிக்கிறது. நெல்லின் விலை ஏறினால் அரிசியின் விலை ஏறும். அரிசியின் விலை ஏறினால் நகரம் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பு எழாமல் காக்கும் பொறுப்பை உழவர் தலையில் ஏற்றிவைத்து, அதற்கு ஈடாகச் சிறிது பணத்தைத் திருப்பித் தருகின்றனர். ஆறாயிரத்தை நாட்களால் வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்குப் பதினாறு உருபாவும் சில காசும். இதைக் கொடை என்பதா, கணக்குத் தீர்ப்பதில் ஒரு சிறு பகுதி என்பதா?

இன்னொரு சொல் வேடிக்கையானது. நிலவரியை நம் பாட்டன்மார் 'கிசுதி' என்றனர். கட்டபொம்மன் திரைப்படம் பார்த்த எல்லாரும் அச்சொல்லை அறிவர். அரபு மொழியிலிருந்து வந்த அச்சொல்லுக்கு நேர்ப்பொருள் 'தவணை' என்பதே. தவணை தவணையாக வரி கட்டியமையால் வரிக்கே அப்பெயர் நின்றது. இன்று தில்லியிலிருந்து உழவர்க்கு 2,000 உருபா வரும்போதெல்லாம் இந்தியில் வரும் அறிவிப்பு அதனைக் 'கிசுத்து' என்றே குறிக்கிறது. அன்று உழவன் கொடுத்ததும் கிசுதி; இன்று உழவனுக்குக் கொடுப்பதும் கிசுதி. அன்று கிசுதி வாங்க வந்தவன் ஒன்றை மட்டும் தவறாமல் கண்டறிந்தான்: இந்நிலத்தில் யார் உழுதார், எவ்வளவு விளைந்தது என்பதை. கொடுக்க வந்தவர்களுக்குத்தான் அது கண்ணுக்குப் படவில்லை.

இதுவே நான் இன்று சொல்லவந்த பொருள். சற்று விரிவாகப் பார்ப்போம்.

உழவர் என்பதை மெய்ப்பிக்க உங்களிடம் கேட்கப்படும் தாள்கள் மூன்று: பட்டா, சிட்டா, அடங்கல். முன்னிரண்டும் வடபுலத்து ஆட்சிகளின் வழியே நம்மிடம் வந்த சொற்கள். மூன்றாவதாகிய அடங்கலோ 'அடங்கு' என்னும் நம் வினையடியாகப் பிறந்தது; ஊரின் நிலமெல்லாம் அடங்கிய கணக்கு. சொல்லில் மட்டுமன்று, உள்ளீட்டிலும் இது வேறுபட்டது. பட்டா, நிலம் யார்க்கு உரியது என்று சொல்லும். சிட்டா, அவர் பெயரில் எத்தனை நிலம், நன்செய்யா புன்செய்யா என்று சொல்லும். அடங்கல் ஒன்றே, இந்தப் புல எண்ணில், இந்தப் பருவத்தில், இன்ன பயிர், இத்தனை பரப்பில், இன்னாரால் விளைவிக்கப்பட்டது என்று சொல்லும். உயிருள்ள கணக்கு அதுவே. மற்றவை உடைமையைச் சொல்வன. இது உழைப்பைச் சொல்வது. அதை எழுதும் ஆண்டு மட்டும் இன்னும் அக்பர் காலத்துப் பசலி ஆண்டு என்பது தனிக்கதை.

நடுவணரசின் அந்த ஆறாயிரம் எதைப் பார்த்து வருகிறது? பட்டாவைப் பார்த்து. 2019 பிப்ரவரி முதல் நாளில் நிலப்பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவரே உழவர். வாரத்துக்கு உழுபவர், குத்தகைக்கு உழுபவர், நாட்கூலிக்கு நாற்றுப் பறிப்பவர், களை எடுப்பவர் எவரும் உழவர் அல்லர். இது வழிகாட்டு நெறியில் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டது.

என் நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தந்தைவழி வந்த சிறு நிலம் எனக்குண்டு. அரசூதியம் பெறுபவன் ஆதலின் எனக்கு இப்பணம் இல்லை. கடைநிலை ஊழியர் நீங்கலாக அரசூழியரையும், வருமானவரி செலுத்துவோரையும், திங்களுக்குப் பதினாயிரமும் அதற்கு மேலும் ஓய்வூதியம் பெறுவோரையும் விலக்கியுள்ளனர். முற்றிலும் சரி, எனக்கு எதற்கு? ஆனால் அந்நிலத்தை உழுபவர் நானல்லேன். ஆவணியில் புழுதியில் ஏர்பூட்டி, புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகையில் வானத்தை அண்ணாந்து பார்த்து, தையில் அறுப்பவர் வேறொருவர். பல்லாண்டுகளாக வாரத்துக்கு உழுதுவருகிறார். அடங்கலில் அவர் பெயர்தான் உள்ளது. அவர்க்கும் இப்பணம் இல்லை. பட்டா என் பெயரில் இருப்பதால் அவர் உழவரல்லர்; சம்பளம் வாங்குவதால் நானும் உழவனல்லேன். ஆகவே அந்நிலத்தை உழவரே இல்லாமல் நெல் தானாக விளைந்துகொள்கிறது என்றுதான் தில்லிக் கணக்கு சொல்கிறது! எனக்கு இல்லை என்பது நேர்மை. அவர்க்கும் இல்லை என்பது எவ்வகை நேர்மை?

பயிர்க்காப்பீட்டில் நிலை இவ்வளவு கெட்டதன்று. 2016இல் வந்த நடுவணரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் (அதற்கும் இந்திப் பெயர்தான், சொல்லி நாவை வருத்தவேண்டா) குத்தகையரும் வாரத்தாரும் சேரலாம். ஊர் அலுவலர் தரும் அடங்கலைக் கொண்டு நம் மாவட்டத்தில் அவர்கள் காப்பீட்டுப் பங்கைக் கட்டுகிறார்கள். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை உழவர் பங்கு. எஞ்சியது நடுவணரசும் மாநில அரசும் ஏற்பது. இழப்பீட்டை உங்கள் வயலை மட்டும் பார்த்துக் கணக்கிடுவதில்லை. வருவாய் ஊரில் சில வயல்களில் அறுவடை ஆய்வு செய்து, முந்தைய ஆண்டுகளின் விளைச்சலோடு ஒப்பிட்டுக் கணிப்பர். கண்மாய்க்கு அருகிலுள்ள வயல் விளைந்து, கடைமடை காய்ந்தால் கடைமடைக்காரர் பாடு திண்டாட்டமே. அந்தக் குறை வேறு. உழுபவரை உழவர் என்று அத்திட்டம் ஒப்புக்கொள்கிறது என்பதை மட்டும் இங்கு குறித்துக்கொள்ளுங்கள்.

2017 சனவரியிலும் அவ்வாறே. முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. சனவரி 10ஆம் நாள் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அறிவிக்கப்பட்டன. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 உருபா. நெல்லல்லாத வானம்பார்த்த பயிர்களுக்கு 3,000 உருபா. அத்தொகை பட்டாவிலுள்ள பரப்பைக் கேட்கவில்லை. பயிரிட்டுக் கருகிய பரப்பைக் கேட்டது. கணக்கெடுத்தோர் வரப்பில் இறங்கினர். ஆக, அரசுக்கு வழி தெரியாமலில்லை. அழிவு வந்தபோது அடங்கல். ஆண்டுதோறும் வரும் பணத்துக்குப் பட்டா.

அறிந்தே மறந்தனர் என்பதற்கு இன்னும் வலிய சான்றுகள் உள்ளன. நம் கும்பகோணத்தில் பிறந்த அறிவியலறிஞர் எம்.எசு. சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை உழவர்க்கான தேசிய ஆணையம் இயங்கியது. அதன் வழிவந்ததே 2007ஆம் ஆண்டின் தேசிய உழவர் கொள்கை. அக்கொள்கை உழவர் என்பார் யார் என்று இலக்கணம் வகுத்தது. நிலமுடையார் மட்டுமன்று, குத்தகையர், வாரத்தார், வேளாண் கூலித் தொழிலாளர், ஆடுமாடு மேய்ப்பார், இன்னும் பலரும் உழவரே என்றது. நடுவணரசே ஏற்று வெளியிட்ட கொள்கை அது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே அரசு பணம் கொடுக்கப் புகுந்தபோது அந்த இலக்கணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டது.

நிலத்தை எடுக்கும்போது என்ன செய்கிறார்கள்? 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தைப் பாருங்கள். எடுக்கும் நிலத்தில் மூன்றாண்டு உழைத்துப் பிழைத்த குத்தகையர், வாரத்தார், கூலியாளர் குடும்பங்களும் 'பாதிக்கப்பட்ட குடும்பங்கள்' என்கிறது அச்சட்டம். இவ்வூரார்க்கு நிலமெடுப்பைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. 1600 மெகாவாட் அனல்மின் நிலையம் உப்பூருக்கு வருகிறது என்றார்கள், நிலம் போயிற்று, உழவரும் மீனவரும் போராடினர், 2021 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் இசைவை நிறுத்திவைத்தது. வேலி எழுந்த வயல்களில் பட்டாக்காரர் மட்டுமா இருந்தனர்? உங்களுக்கே தெரியும். நிலத்தைப் பறிக்கும் சட்டத்துக்கு வாரத்தார் கண்ணுக்குத் தெரிகிறார். பணம் கொடுக்கும் திட்டத்துக்குத் தெரியவில்லை.

பட்டா உடையவர்க்காவது ஒழுங்காக வருகிறதா? அதுவுமில்லை. முகவைச் சீமையின் நிலக்கணக்கு எளியதன்று. 1803 முதல் இது சமீன். மேல்வாரம் சமீனுக்கு, குடிவாரம் உழுகுடிக்கு என இரு உரிமைகள் ஒரே மண்ணில் நின்றன. மேல்வாரம், குடிவாரம் என்னும் அச்சொற்களின் திட்பத்தைப் பாருங்கள். உழுகுடிக்கு ஒரு தனிவாரம், அதற்கு ஒரு தனிப்பெயர்! 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன் ஒழிந்து பட்டாக்கள் வழங்கப்பட்டன. 1979இல் தொடங்கிய நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகள் மறுபடி எழுதப்பட்டன. அப்போது புகுந்த பெயர்ப் பிழைகளைத் திருத்த இன்னும் மக்கள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கின்றனர். 1980 நவம்பரில் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. வழிவழிப் பதவி ஒழிந்தது நன்றே. ஆனால் எந்த வரப்பு யாருடையது என்று நெஞ்சில் சுமந்த கணக்கும் அவர்களோடு போயிற்று.

இன்றும் பல குடும்பங்களில் பட்டா பாட்டன் பெயரில் கிடக்கிறது. அல்லது எட்டுப் பேர் கூட்டுப்பட்டாவாக இருக்கிறது. கணவன் இறந்தபின் தனியே நின்று உழுதுவரும் தாய்மார் பலர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. 1989இலேயே பெண்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம உரிமை கொடுத்த மாநிலம் இது. சட்டம் சென்னையில் நிறைவேறியது, பட்டா இன்னும் மாறவில்லை.

இவற்றோடு எழுத்து ஒரு தடை. பட்டாவில் பெயர் தமிழில் உள்ளது. ஆதார் அட்டையிலும், வைப்பகச் சுவடியிலும், இணையத்தளத்திலும் ஆங்கில எழுத்தில் உள்ளது. 'கருப்பையா' என்று தமிழில் எழுத ஒரே வழிதான். ஆங்கில எழுத்தில் ஓர் எழுத்தர் ஒரு வகையாகவும், இன்னோர் எழுத்தர் வேறு வகையாகவும், மூன்றாமவர் மூன்றாம் வகையாகவும் எழுதுவர். கணினிக்கு அம்மூவரும் மூன்று கருப்பையாக்கள்! பெயர் ஒவ்வாமையால் தவணை நின்றுபோனது என்று எத்தனை பேர் அலைந்துள்ளனர்! பிறந்ததிலிருந்து மாறாத தம் பெயரை, தமக்குத் தெரியாத எழுத்தில், பிறர் பிழையாக எழுதியதற்காக. மொழிப்போராட்டம் என்பது மேடையில் முழங்குவார்க்கு உரியது என்று சிலர் எண்ணுகின்றனர். தவணை நின்ற கருப்பையாவைக் கேட்டுப்பாருங்கள்.

இப்படி மொழியும் கணக்கும் மக்கள் கையைவிட்டுப் போனால் என்ன நேரும் என்பதற்கு 2020ஆம் ஆண்டே சான்று. கொரோனா முடக்கத்தின்போது இத்திட்டத்தில் இணையவழிப் பதிவு தளர்த்தப்பட்டது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் முதலிய மாவட்டங்களில் தகுதியில்லாப் பெயர்கள் ஆயிரக்கணக்கில் ஏறின. துறை அலுவலர்களின் கடவுச்சொற்கள் ஒப்பந்தப் பணியாளர், கணினி மையத்தார், இடைத்தரகர் கைகளில் புழங்கின. அவ்வாண்டு செப்டம்பரில் வேளாண்துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி வெளியிட்ட கணக்கு: ஐந்தரை இலக்கம் தகுதியற்ற பெயர்கள், 110 கோடி உருபா. குற்றப்பிரிவுக் காவலர் உசாவினர். பலர் சிறை புகுந்தனர். ஒப்பந்தப் பணியாளர் பலர் நீக்கப்பட்டனர். வைப்பகக் கணக்குகளிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது.

தரகர்க்கு நான் பரிந்து பேசவில்லை, களவு களவே. ஆனால் அந்த ஐந்தரை இலக்கத்தில் இருந்தவர் யாவர்? கொரோனாக் கால உதவி என்று சொல்லப்பட்டதை நம்பி ஆதார் எண்ணைக் கொடுத்த கூலி மக்கள் பலர் என்று அந்நாளில் செய்தித்தாள்கள் எழுதின. செய்தித்தாள்கள் அவர்களுக்கு இட்ட பெயர் 'போலி விவசாயிகள்'. வாழ்நாளெல்லாம் பிறர் வயலில் நட்டும் அறுத்தும் முதுகு வளைந்த பெண் போலி உழவர். சென்னையில் கடை வைத்துக்கொண்டு, வயலின் வரப்பைக் கண்டு பத்தாண்டான பட்டாக்காரர் மெய்யுழவர். சொல்லுக்குப் பொருள் காண்பவன் என்று தொடக்கத்தில் சொன்னேன். இப்பொருளை எந்த அகராதியில் காண்பேன்?

இது நம் நாட்டில் மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டு வேளாண் சீரமைப்புச் சட்டம் ஒன்று வந்தது. பருத்தி மிகுதியாக விளைந்து விலை வீழ்ந்தமையால், பரப்பைக் குறைக்கும் பண்ணையார்க்கு அரசு பணம் கொடுத்தது. பணம் நிலமுடையார் கைக்குப் போயிற்று. தென்மாநிலங்களில் அந்நிலத்தை வாரத்துக்கு உழுதவர்கள் கறுப்பரும் ஏழை வெள்ளையரும். அவர்களுக்கு உரிய பங்கைப் பல பண்ணையார்கள் கொடுக்கவில்லை. பரப்புக் குறைந்தது என்று காட்டி அவர்களை நிலத்தைவிட்டே வெளியேற்றினர். 1934இல் ஆர்க்கன்சா மாநிலத்தில் தைரன்சா என்னும் சிற்றூரில், கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்ந்து தென்புலக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கினர். நிறவெறி கோலோச்சிய அந்நாளில் அவ்விரு கூட்டத்தாரும் ஒன்றாக அமர்வதென்றால் எவ்வளவு துணிவு வேண்டும் எண்ணிப்பாருங்கள். உதவிப் பணத்தைத் தவறான கையில் கொடுத்தால் அது உதவாமல் போவதோடு நில்லாது. உழுபவரை வெளியேற்றவும் செய்யும்.

நாட்டிலேயே மாற்றுவழி கண்ட அரசுகள் உண்டு. 2018இன் இறுதியில் ஒடிசா அரசு அறிவித்த திட்டத்தில் வாரத்தாரும் நிலமற்ற வேளாண் குடும்பங்களும் சேர்க்கப்பட்டனர். 2019இல் ஆந்திர அரசு, ஒடுக்கப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட, சிறுபான்மைக் குத்தகையரைத் தன் உதவித் திட்டத்தில் சேர்த்தது. அவ்வாண்டே பயிரிடுவோர் உரிமைச் சட்டம் ஒன்றும் இயற்றியது. அதன்படி பயிரிடுவோர்க்குப் பதினொரு திங்களுக்கு ஓர் அட்டை. நிலவுரிமையை அது தொடாது. கடன், காப்பீடு, உதவிப் பணம் ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படும். குறை யாதெனில், அட்டை பெற நிலமுடையார் கையொப்பம் வேண்டும். அச்சத்தால் பலர் கையொப்பமிட மறுத்தனர்.

அச்சம் என்றேனே, அதைப் பேசாமல் போனால் இவ்வுரை பாதி உரையே. இங்கே நிலமுடையாரும் அமர்ந்துள்ளீர்கள். வாரத்துக்கு உழுபவரும் அமர்ந்துள்ளீர்கள். ஒரே பந்தலில் இருக்கிறீர்கள் என்பதே எனக்குத் தெம்பு. 1955இல் நம் மாநிலம் குத்தகையர் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 1969இல் குத்தகை உரிமையைப் பதிவுசெய்யத் தனிச்சட்டம் வந்தது. நல்ல சட்டங்கள். ஆனால் பதிந்தால் நிலம் போய்விடும் என்று உடையவர் அஞ்சினார். பதியக் கேட்டால் அடுத்த பருவம் ஏர் இறக்க விடமாட்டார் என்று உழுபவர் அஞ்சினார். இரு அச்சமும் சேர்ந்து குத்தகையை வாய்ச்சொல்லாகவே வைத்துவிட்டன. வாய்ச்சொல்லுக்கு அரசு பணம் தருமா?

ஆகலின் நான் உடையவர்களை நோக்கிச் சொல்வது இது: உழுபவர் பெயர் அடங்கலில் ஏறுவதால் மட்டும் உம் பட்டா பறிபோகாது. அடங்கல் பருவக் கணக்கு. உம் நிலத்தில் விளைந்த நெல்லைப் பாதி வாங்கிக்கொள்கிறீர். அதை விளைவித்தவர்க்கு அரசு தரக்கூடிய காசைத் தடுத்து நீர் பெறுவது ஒன்றுமில்லை. அரசை நோக்கி நாம் கேட்பதோ இன்னும் எளியது: ஆண்டுதோறும் வரும் பணத்தையும் அடங்கலைக் கொண்டே கொடு, உடையவர் கையொப்பத்தைக் கேளாதே, ஊர் அலுவலர் வயலில் இறங்கிப் பார்த்து எழுதட்டும்.

'ஊர் அலுவலர் வயலில் இறங்குகிறாரா?' என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. 2024 நவம்பரில் எண்ணிமப் பயிர்க் கணக்கெடுப்பு என்று சொல்லி, வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கினார்கள். கைப்பேசியில் படம்பிடித்து ஏற்றும் வேலை. அதில் பயிர் பதிவாகிறது. படத்தில் பயிர் தெரியும். பயிரிட்டவர் தெரிவாரா? 2025இல் உழவர் ஒவ்வொருவர்க்கும் தனித்த அடையாள எண் தரத் தொடங்கினர். அதற்கும் அடிப்படை நிலவுடைமையே. கருவி புதிது, கண் பழையது.

மின்னாற்றலைப் பற்றி ஒரு சொல். 1990 அளவில் எல்லா உழவர்க்கும் கட்டணமில்லா மின்னாற்றல் வந்தது. கொங்கு நாட்டுக்கும் கிணற்றுப் பாசனப் பகுதிகளுக்கும் அது உயிர். நம் கரையில்? தோண்டினால் உப்புநீர். ஊருக்கே உப்பூர் என்று பெயர்! கிணறில்லாதவனுக்கு மின்னிறைவை எதற்கு? நமக்கு உதவி என்றால் அது கண்மாயில் வரவேண்டும். நாரை பறக்க மாட்டாத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று பேர்பெற்ற இராசசிங்கமங்கலத்துப் பெருங்கண்மாய் இங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தொலைவு. அதன் வயிற்றில் சீமைக்கருவேல் எத்தனை, தண்ணீர் எத்தனை என்று நீங்களே சொல்லுங்கள். சோழர் காலத்தில் ஏரியைப் பேணவென்றே நிலம் ஒதுக்கி அதை 'ஏரிப்பட்டி' என்றனர். உத்தரமேரூரில் 'ஏரிவாரியம்' என்று தனிக்குழு இருந்தமையைப் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறும். அந்நாளைய உதவி ஏரிக்குப் போயிற்று. ஏரி எல்லார்க்கும் பாய்ந்தது. உடையவர் யார், உழுபவர் யார் என்று தண்ணீர் கேட்கவில்லை. இதைத் தனியே ஒருநாள் பேசவேண்டும், இன்று நேரமில்லை.

இனிச் செய்யவேண்டியது. கேட்டுக்கொள்ளுங்கள், இளைஞர்காள், இது உங்கள் வேலை. ஆண்டுதோறும் மே, சூன் அளவில் வட்டாட்சியர் அலுவலகத்தில் வருவாய்த் தீர்வாயம் நடைபெறும். முன்பு 'சமாபந்தி' என்றார்கள். வருவாய்த் தீர்வாயம் என்னும் பெயர் நின்றுவிட்டது. 'கலெக்டர்' மாவட்ட ஆட்சியர் ஆனதும் 'தாசில்தார்' வட்டாட்சியர் ஆனதும் போல. முடியாது என்றவர்கள் வாயடைத்தார்கள் அல்லரோ? அங்கே ஊர்க்கணக்குகள் மேசைமேல் வரும். பாட்டன் பெயரில் கிடக்கும் பட்டாக்களை மாற்ற அங்கேயே முறையீடு கொடுங்கள். தமிழில் எழுதுங்கள், எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக்கொடுங்கள், ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். மாவட்ட ஆட்சியரின் உழவர் குறைதீர் கூட்டத்தில், உழுபவர் பெயரால் உதவிப் பணம் வேண்டும் என்று ஊர்தோறும் ஒரு முறையீடு போகட்டும். ஆதாரிலும் வைப்பகத்திலும் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று வீடுவீடாகப் போய் ஒப்பிட்டு, பிழையுள்ளவற்றைத் தாளில் குறியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தெரு முடியும்.

வாரத்துக்கும் குத்தகைக்கும் உழும் பெரியீர், உங்களுக்கு ஒன்று. விதைப்பு முடிந்து ஊர் அலுவலர் அடங்கல் எழுதும் நாளில் வயலில் நில்லுங்கள். புல எண், பயிர், பரப்பு, பயிரிட்டவர் பெயர் நான்கையும் எழுதிமுடித்தபின் வாய்விட்டுப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். காப்பீட்டுக்கு நகல் வாங்கும்போது இரண்டாக வாங்கி, ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். படிக்க ஆள் வேண்டுமாயின் பள்ளிக்கூடம் விட்டபின் என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். நான் படித்துச் சொல்கிறேன்.